சீர் வண்டல்

பெண் பார்க்க வந்த சென்னியப்பன், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பைக்குழியைத்தான் பார்த்தார்.

வந்த உறம்பரைக்குக் காப்பி போட அடுப்பில் பாலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்த பழனாத்தாளுக்குத் திக்கென்றது. மாப்பிள்ளையின் அப்பாவை உட்கார வைத்த இடத்தில் காணோம். மாடு கட்டும் கட்டுத்தாரிக்குப் பின்னால், வெளுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எருக்குழியின் மேட்டில் குத்தவைத்திருந்தார் அந்த மனிதர். ஒரு கை அள்ளி உருட்டினார், உதிர்த்தார், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். என்ன குறை கண்டாரோ என்று பழனாத்தாளின் புருஷன் வெள்ளியங்கிரி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான்.

"ஏனுங்க, இந்தக் குப்பை ஆரு போட்டதுங்க?"

"எங்கூட்டுக்காரி போட்டதுங்க. என்னை அந்தப் பக்கமே உடமாட்டாளுங்க."

சென்னியப்பன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க" என்றார். உள்ளே கலாமணி இன்னும் சேலையே கட்டி முடிக்கவில்லை.

அவருக்குத் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தோட்டம். தண்ணீருக்குக் குறைவில்லை, மண்தான் கல்லும் சரளையும். பண்டம்பாடி, பீரோ, கட்டில் எல்லாம் உங்கள் இஷ்டம், ஆனால் வருசா வருசம் கோடையில் இந்தக் குப்பையில் ஒரு டிராக்டர் பெண் வீட்டுச் சீராக வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நான் வாய்விட்டுக் கேட்பது என்றார். பழனாத்தாளின் ஊரான நொச்சிப்புதூரில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பழனாத்தாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊரில் யாருடைய நகைக்கும் கிடைக்காத மரியாதை தன் குப்பைக்குக் கிடைத்ததில் அவளுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அந்தக் குப்பையும் சும்மா வந்ததல்ல. விடிந்ததும் கட்டுத்தாரியை வழித்துச் சாணியை அள்ளிக் குழியில் போடுவாள். அதன்மேல் வேப்பந்தழை, அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த சோளத்தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அடுக்குக் குளத்து வண்டல். நொச்சிப்புதூர் சிங்காநல்லூரைத் தாண்டி, குளத்துக்குக் கீழ்க்கட்டில் இருக்கிற ஊர். சித்திரை பிறந்து குளத்தின் ஓரம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தால் வெள்ளியங்கிரி மம்முட்டியோடு இறங்கிவிடுவான். பாளம் பாளமாக வெட்டிக் கொடுக்க, இவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக் கூடை கூடையாகச் சுமந்து வண்டி நிறைப்பாள். பாதி பயிர் போடும் காட்டுக்கு, பாதி குப்பைக்குழிக்கு. உடம்பு நோகாமல் வெள்ளாமை வேண்டும் என்கிறவன் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான். பக்கத்துக் காட்டு வெங்கடபதி அப்படிப்பட்ட ஆள். டீக்கடையில் சீட்டுக்கட்டு இருக்கும்வரை அவருக்கு வண்டல் ஞாபகம் வந்ததில்லை. "அவரு காட்டுல புல்லுக்குக்கூட எரக்கம் வந்துதான் மொளைக்கோணும்" என்பாள் பழனாத்தாள்.

முன்பெல்லாம் வண்டல் பழுப்பாக இருக்கும், கையில் எடுத்தால் பொரியாக உதிரும். நாலைந்து வருசமாக அது கறுத்துக்கொண்டே வந்தது. வெட்டின முகத்தில் எண்ணெய் தேய்த்த மாதிரி ஒரு மினுமினுப்பு. நாற்றமும் வேறு மாதிரி. குளத்துக்கு மேலே துணி வெளுக்கிற பட்டறைகளும் லேத்துப் பட்டறைகளும் பெருகிவிட்டது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மண்ணில் கறுப்பு ஏறினால் சத்து ஏறுகிறது என்றுதானே பாடுபடுகிறவன் நினைப்பான்? இவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முன்னைவிட ஒரு வண்டி நடை எச்சாகவே அடித்தார்கள்.

கலாமணி கல்யாணம் முடிந்து மூன்று கோடைக்கும் குப்பை தவறாமல் தொண்டாமுத்தூர் போயிற்று. நாலாவது கோடையில், கலாமணி ஐந்து மாசம் முழுகாமல் இருக்கும்போது, வெள்ளியங்கிரியின் காட்டில் சோளப்பயிர் நுனி கருக ஆரம்பித்தது.

மருந்தடித்தும் கேட்கவில்லை. தக்காளி நாற்று நட்ட இடத்திலேயே நின்றது, வளரவும் இல்லை சாகவும் இல்லை. வெள்ளியங்கிரி வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிற ஆளல்ல. அவனே ஒரு நாள் பஸ் ஏறிப்போய் விவசாயக் காலேஜில் சொல்லிவிட்டு வந்தான். வைகாசியில் ஒரு உச்சிவேளைக்கு ஜீப் வந்து நின்றது. ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற பெண் ஒருத்தி இறங்கினாள். பேர் தாஜுன்னிசா, கோட்டைமேட்டுப் பெண். கையில் தையல் மிஷின் மூடி கணக்காக ஒரு பெட்டி, தோளில் கேமரா.

காட்டில் பல இடத்தில் மண் எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வெங்கடபதி காட்டிலும் எடுத்தாள். குப்பைக்குழியிலும், குழிக்கு வெளியே தனியாகக் குமித்திருந்த வெறும் சாணி எருவிலும் எடுத்தாள். அப்புறம், "அம்மா, வெளிச்சமே வராத ரூம் ஒண்ணு வேணுங்களே" என்றாள்.

பருத்தி போட்டு வைக்கிற அறையைக் காட்டினார்கள். ஜன்னலுக்குச் சாக்கு, சாக்குக்கு மேல் தார்ப்பாய், கதவிடுக்குக்குப் பழைய சேலை. கதவைச் சாத்தினதும் உள்ளே அனல். அஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு நேராக உச்சந்தலையில் இறங்கியது.

"பயந்துக்காதீங்கம்மா. இது ஒரு மாதிரி ஊதா வெளிச்சம். சில பொருளுங்க மேல இது பட்டா அதுங்க தானா ஒளி விடும். எது எந்த நிறத்துல ஒளி விடுதுன்னு போட்டோ எடுத்தா, மண்ணுல என்ன கலந்திருக்குன்னு ஒரு அளவுக்குச் சொல்லிறலாம். எரு சரியா மக்கியிருக்கான்னும் தெரியும். விளக்கை நேராப் பார்க்காதீங்க."

"எங்கூட்டு ரூமுக்குள்ள எனக்கென்ன பயம் கண்ணு? நீ பொருத்து."

விளக்கு எரிந்தது. எரிந்ததா என்றே தெரியாத மாதிரி ஒரு மங்கல் ஊதா. ஆனால் பழனாத்தாள் கொல்லென்று சிரித்துவிட்டாள். வெள்ளியங்கிரியைக் காணோம், அவன் வேட்டி மட்டும் நீலமும் வெள்ளையுமாக ஜொலித்துக்கொண்டு நின்றது.

"மாமா, உங்களைக் காணமுங்க! வேட்டி மட்டும் தனியா நிக்குது!"

தாஜுன்னிசாவும் சிரித்தாள். "சோப்புத்தூள்ல துணி வெள்ளையாத் தெரியறதுக்கு ஒரு மருந்து சேர்க்கறாங்கம்மா. இந்த வெளிச்சத்துல அதுதான் இப்படி மின்னுது. வேட்டி நல்லாத் தொவைச்சிருக்கீங்க."

"அதுல ஒரு கொறை சொல்ல முடியாது" என்றாள் பழனாத்தாள்.

முதலில் வெங்கடபதி காட்டு மண்ணை வட்டலில் போட்டு விளக்கடியில் வைத்தாள். ஒன்றுமில்லை, இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. "அவரை மாதிரியே தூங்குது பாரு" என்றாள் பழனாத்தாள். அடுத்து வெறும் சாணி எரு. அதில் பழுப்பும் மஞ்சளுமாக லேசான ஒரு ஒளி, ஒரே சீராக. கேமராவை முக்காலியில் பொருத்தி, யாரும் அசையாதீர்கள் என்று சொல்லிப் படம் எடுத்தாள் அந்தப் பெண். "இவ்வளவு நல்லா மக்கின எருவை நான் இதுவரைக்கும் எடுத்த எந்தப் படத்துலயும் பார்க்கலீங்கம்மா" என்றாள். பழனாத்தாளுக்கு அந்தப் புழுக்கத்திலும் உள்ளே குளிர்ந்தது.

அப்புறம் குழிக் குப்பையை வைத்தாள்.

வட்டல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக நீலவெள்ளை. அங்கங்கே நூல் இழுத்த மாதிரி. நடுவில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுகள். பழனாத்தாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அட சாமி, எத்தன அழகா மின்னுது! இதுதானுங்களே சத்து?"

அந்தப் பெண் அடுத்து வெள்ளியங்கிரியின் காட்டு மண்ணை எடுத்து வைத்தாள். அதிலும் அதே பொட்டுகள். இன்னொரு இடத்து மண். அதிலும். கேமரா சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளியங்கிரி குனிந்து தன் வேட்டியைப் பார்த்தான், வட்டலைப் பார்த்தான்.

"அம்மிணி, இதும் அதும் ஒரே நெறமா இருக்குதுங்களே" என்றான்.

"ஆமாங்க. ரெண்டும் ஒரே மருந்துதாங்க. பட்டறையில துணி வெளுத்துக் கழுவி உடற தண்ணியில இருக்கும். இந்தப் பச்சைத் திட்டு மெஷின் எண்ணெய். கொளத்து வண்டலோட வந்திருக்கு."

"அந்த மின்னறது கெடுதலுங்களா?"

"மின்னறது பெரிசா ஒண்ணும் பண்ணாதுங்க. அது பட்டறைத் தண்ணி இங்க வந்திருக்குன்னு காட்டிக் குடுக்குது, அவ்வளவுதான். அதோட கூட உப்பு வரும், உலோகம் வரும். அதுங்க மின்னாது. அதை லேபுலதான் பார்க்கோணும்."

"வெங்கடபதி காட்டுல?" என்றாள் பழனாத்தாள்.

"அது சுத்தமா இருக்குங்கம்மா."

பழனாத்தாள் அப்படியே பருத்திச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மற்றதெல்லாம் அப்புறம். சீட்டு விளையாடினவன் மண் சுத்தமாக இருக்கிறது, தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தவள் மண் கெட்டுக் கிடக்கிறது. இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

தாஜுன்னிசா விளக்கை அணைத்துவிட்டு, "இந்த வண்டலையோ குப்பையையோ வேற எங்கயாச்சும் கொண்டுபோய்ப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். அறையில் இருட்டு. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

"இல்லீங்" என்றாள் பழனாத்தாள்.

லேபில் பார்த்துவிட்டு அந்தப் பெண் திரும்பவும் வந்தாள். படங்களைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். மண்ணில் உப்பு எக்கச்சக்கம், இரண்டு மூன்று உலோகம் இருக்கக் கூடாத அளவில் இருக்கிறது என்றாள். பருத்தி போடுங்கள், மரம் வையுங்கள், வயிற்றுக்குப் போகிற எதையும் கொஞ்ச காலம் போடாதீர்கள் என்றாள்.

"கீரை மட்டும் வேண்டவே வேண்டாங்கம்மா. மண்ணுல இருக்கறதை எல்லாம் இழுத்து இலையில வெச்சுக்கும். கொழந்தைங்க, புள்ளத்தாச்சிப் பொண்ணுங்க தொடவே கூடாது."

"எத்தன வருசத்துல இது போவும் கண்ணு?"

அந்தப் பெண் நல்ல பெண். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "உப்பு மழைக்குக் கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். உலோகம் போகாதுங்கம்மா."

அன்றைக்குப் பழனாத்தாள் தன் ஆயுசில் முதல் தடவையாகச் சிங்காநல்லூர்க் கடைக்குப் போய்த் தக்காளி வாங்கினாள். எதிரே வந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். காசு கொடுத்துக் காய் வாங்குகிற குடியானவச்சியைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவளே அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரமே மளிகைக் கடைப் போனுக்குத் தொண்டாமுத்தூரிலிருந்து தாக்கல் வந்தது. குப்பை இன்னும் வரவில்லையே, டிராக்டர் கிடைக்கவில்லை என்றால் இங்கிருந்து ஒன்றைத் தாட்டி விடட்டுமா என்று சம்பந்தி கேட்டாராம்.

"என்னங்க சொல்றது?" என்றாள் பழனாத்தாள். வெள்ளியங்கிரி கட்டிலில் உட்கார்ந்து வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தான்.

"வண்டல் எடுக்கலைன்னு சொல்லிப்போடலாம்."

"இந்த வருசத்துக்குச் சொல்லுவீங்க. மூணு வருசம் போனதுக்கு?"

"அது போனது போனதுதான். சொல்லாம உட்டுப்போட்டா ஆருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுங்களே! அந்தப் புள்ள சொன்னதைக் கேட்டீங்கல்ல? புள்ளத்தாச்சி தொடக்கூடாதுன்னு சொல்லிச்சே. உங்க மவ அங்க என்ன திங்கறாளோ?"

"சொன்னா மட்டும்? சீருன்னு வெசத்தைத் தாட்டி உட்டாங்கன்னு ஊரே பழமை பேசும். அத்தனை பேச்சுக்கும் அவதான நின்னு காது குடுக்கோணும்? நீயா குடுப்பே?"

"அப்படிப் பேசுனாங்கன்னா அவளை இங்க கூட்டியாந்துக்கலாம். எப்படியும் தலைப்பிரசவம் நம்மூட்லதான?"

வெள்ளியங்கிரி குச்சியைக் கீழே போட்டான். "கூட்டியாந்து? இங்க எந்த மண்ணுல வெளைஞ்சதைப் போடுவே?"

மகளை வைத்துக் காக்கப் பழனாத்தாளுக்கு இரண்டே வீடுதான் உண்டு. இரண்டு வீட்டுக்கும் அவளே கூடை சுமந்திருக்கிறாள். அன்றைக்குச் சோறு பொங்கியும் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து, படங்களை மஞ்சப்பையில் வைத்து, மேலே வாழைப்பழமும் மிக்சரும் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். காந்திபுரத்தில் பஸ் மாறி, தொண்டாமுத்தூரில் இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நடந்தார்கள். மலை பக்கத்தில் வர வர வெயில் குறைந்து காற்று வீசியது. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று பழனாத்தாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எங்கே ஆரம்பித்தாலும் கலாமணியின் முகத்தில் வந்து முட்டி நின்றது.

"வாங்க வாங்க, வாங்க சம்பந்தி!" என்று வாசலுக்கே ஓடி வந்தாள் மாப்பிள்ளையின் அம்மா மாராத்தாள். பருத்த உடம்பு, வாய் ஓயாது, கள்ளமில்லாதவள். "ஏன் கண்ணு, உங்கம்மாளைப் பாரு, எளைச்சுப் போச்சு! உங்க மாப்பிள்ளை மோகன்குமாரு தூங்கறானுங்க. ராத்திரியெல்லாம் ஆனைக்குக் காவலு. போன வாரம் வந்து மேக்காட்டு வாழையைப் பூராத் தின்னுபோட்டுப் போச்சுங்க."

கலாமணி உள்ளேயிருந்து வந்தாள். வயிறு நன்றாகவே மேடிட்டிருந்தது. கன்னம் பூரித்து, கை நிறைய வளையலோடு நின்ற மகளைப் பார்த்ததும் பழனாத்தாளுக்கு வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு மறந்துபோயிற்று.

"டாக்டரம்மா என்ன சொல்லுச்சு கண்ணு?"

மகளுக்கு முந்தி மாமியார் சொன்னாள். "ரத்தம் கம்மியா இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. தினமும் கீரை போடுங்கன்னாங்க. நான் உடுவனா? ரெண்டு வேளைக்கும் கீரைதான். வேண்டாம்னு மூஞ்சியத் திருப்புவா, பக்கத்துல உக்காந்து திங்க வெச்சுப்போட்டுத்தான் எந்திரிப்பேன்."

"கீரை கடையிலீங்களா?" என்றாள் பழனாத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

சென்னியப்பன் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க! வாங்க, காட்றேன்."

பொடக்காளிக்கு, வீட்டின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனார். கிணற்றடியில், பாத்திரம் கழுவும் தண்ணீர் பாய்கிற இடத்தில், முள் வேலி கட்டிப் பாத்தி பாத்தியாகக் கீரை. அரைக்கீரை, தண்டுக்கீரை, புளிச்சகீரை. ஒவ்வோர் இலையும் உள்ளங்கை அகலம், பச்சை கண்ணைப் பறித்தது. மண் கறுகறுவென்று இருந்தது. அந்தக் கறுப்பு பழனாத்தாளுக்குத் தெரியாதா?

"உங்க குப்பைதானுங்க. மூணு வருசத்துக் குப்பையும் இந்தப் பாத்தியிலதான் இருக்குது" என்றார் சென்னியப்பன்.

வெள்ளியங்கிரி வேலிக்காலைப் பிடித்துக்கொண்டான். "தோட்டத்துக்குப் போடலீங்களா?"

"சம்பந்தி ஊட்டுச் சீரைக் கொண்டுபோயி, மார்க்கெட்டுக்குப் போற தக்காளிக்குப் போடறதுங்களா? எவனோ திங்கறதுக்கு? நல்லது நம்ம வவுத்துக்குன்னு பொடக்காளிக்கே போட்டுப்போட்டேன். பேரப்பையன் பொறந்தா அவனுக்கும் இந்தக் கீரைச் சாறுதான் மொதல்ல."

அவர் மரியாதை செய்திருந்தார். வேறு யாராவது என்றால் தோட்டத்தில் நாலா பக்கமும் இறைத்து மெல்லிசாகப் போயிருக்கும். இவர் சீர் என்பதால் ஒரே இடத்தில் குவித்து, தன் வீட்டாரின் தட்டுக்கு நேராக வைத்திருந்தார். இதற்குமேல் பொறுக்க முடியாது என்று பழனாத்தாளே ஆரம்பித்தாள்.

சொன்னாள். சோளம் கருகினதிலிருந்து சொன்னாள், விளக்கைச் சொன்னாள், வேட்டியைச் சொன்னாள், உலோகம் போகாது என்றதைச் சொன்னாள். கீரையும் புள்ளத்தாச்சியும் என்று காலேஜுப் பெண் சொன்னதையும் சொன்னாள். மஞ்சப்பையிலிருந்து படங்களை எடுத்து நீட்டினாள். மாராத்தாள் வாயில் கைவைத்தபடி நின்றாள். சென்னியப்பன் படங்களை வெயிலில் பிடித்து, ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார். அடுக்களை ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே கீரை கடைகிற சத்தம் நின்று போனதைப் பழனாத்தாள் கவனித்தாள்.

"இந்த நீலப்பொட்டுதானுங்களா வெசம்?"

"அதில்லீங், அதோட கூட வந்தது. அது கண்ணுக்குத் தெரியாதுங்."

"கண்ணுக்குத் தெரியறது வெசமில்ல, தெரியாததுதான் வெசம்." படங்களை அடுக்கி அவளிடமே கொடுத்தார். "சம்பந்தி, உங்களை நான் தப்பாச் சொல்லலை. சீரை நிறுத்தோணும்னா நிறுத்திக்கலாம். இந்த வருசம் கையில தெம்பில்லைன்னா சொல்லிப்போடுங்க, நான் என்ன கோவிச்சுக்குவனா? அதுக்கு இத்தன சுத்து வேண்டாமுங்க."

பழனாத்தாளுக்கு முகத்தில் அறைந்தது போலாயிற்று. "எம்மவ மேல சத்தியமுங்க! சீருக்குச் சொல்லலீங்க. இந்தப் பாத்தியை அழிச்சுப்போடுங்க, மண்ணை வெட்டி அக்கட்டால கொட்டிப்போடுங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்."

"ஏனுங்க, மூணு வருசமாத் திங்கறோம். நான் குத்துக்கல்லாட்ட நிக்கறேன். உங்க புள்ள வந்தப்ப எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கறா? அன்னிக்கு நானே அள்ளி மோந்து பாத்த குப்பைங்க அது. என்ற மூக்கு தப்பாச் சொல்லாதுங்க."

"ஒரு கை மண்ணுக் குடுங்க, அந்தப் புள்ளகிட்டக் குடுத்து..."

"வேண்டாமுங்க." குரல் இப்போதுதான் கொஞ்சம் இறுகியது. "ஊரெல்லாம் இந்தக் குப்பைப் பெருமையை நான் சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப அது வெசம்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, எங்க தக்காளிய மார்க்கெட்டுல ஒருத்தனும் தொடமாட்டான். பொறவு எங்காளுங்க பூரா ஆரைப் பேசுவாங்க? எம்மருமவளைத்தான். அவளை ஒருத்தன் ஒண்ணு சொல்ல நான் உடமாட்டேன். இந்தப் பேச்சு இந்த வேலியோட நிக்கட்டுமுங்க."

வெள்ளியங்கிரி, "புள்ளையக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போறமுங்க" என்றான். சொன்ன பிறகு தன் வீட்டு மண் ஞாபகம் வந்தவனாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒம்பதாம் மாசம் முறைப்படி வந்து கூட்டிட்டுப் போங்க. வாங்க, சாப்பிடலாம்."

எல்லாம் நல்ல மனிதர்கள். ஒருத்தர் வாயிலாவது ஒரு கெட்ட வார்த்தை வந்திருந்தால், சண்டை போட்டு மகளை இழுத்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம். அதற்கும் அங்கே வழியில்லாமல் இருந்தது.

இலை போட்டார்கள். சென்னியப்பனும் வெள்ளியங்கிரியும் ஒரு பக்கம், எதிரே பழனாத்தாள். நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லியும் மாராத்தாள் கேட்கவில்லை, உறம்பரை முதலில் என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சோறு வந்தது, தட்டப்பயறுக் குழம்பு வந்தது, அப்பளம் வந்தது. கலாமணி கீரைச் சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். மாமனாருக்கு ஒரு கரண்டி வைத்தாள். அப்பாவின் இலைக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள், அரைக் கரண்டி வைத்தாள். அம்மாவின் இலையைத் தாண்டிப் போனாள்.

"என்ன கண்ணு, அம்மாளுக்கு உட்டுப்போட்டே?" என்றாள் மாராத்தாள்.

"அம்மாளுக்குக் கீரை ஆவாதுங்க அத்தை. வாய்வு புடிச்சுக்கும்."

பழனாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். கீரை இல்லாமல் ஒரு நாள் சோறு தின்றவளில்லை அவள். அது அந்த வீட்டில் கலாமணி ஒருத்திக்குத்தான் தெரியும். மகளின் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் அப்படியே இருந்தது. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், எல்லாவற்றையும் நம்பியும்விட்டாள். நம்பிவிட்டு, தன்னால் காப்பாற்ற முடிந்த ஒரே ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

"நீ தின்னுட்டயா கண்ணு?"

"இனித்தாம்மா. நானும் அத்தையும் ஒண்ணா உக்காருவோம்."

பழனாத்தாள் சட்டியைப் பார்த்தாள். பாதிக்குமேல் இருந்தது.

"ஆரு சொன்னது எனக்கு வாய்வுன்னு? அதெல்லாம் அப்ப. போடு" என்றாள்.

"அம்மா..."

"போடு கண்ணு."

ஒரு கரண்டி விழுந்தது. பிசைந்து தின்றாள். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. "இன்னங் கொஞ்சம்" என்றாள். அடுத்த கரண்டி. வெள்ளியங்கிரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அப்புறம் தன் இலையைக் காட்டி, "எனக்கும் ரெண்டு கரண்டி வை சாமி" என்றான். பழனாத்தாள் சோறு வேண்டாம் என்றாள், குழம்பு வேண்டாம் என்றாள், கீரையை மட்டும் வாங்கி வாங்கித் தின்றாள். வயிறு அடைத்துக்கொண்டது, தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். கடைசியில் தானே எட்டிச் சட்டியை வாங்கி, கரண்டியால் அடிவரைக்கும் வழித்து இலையில் போட்டுக்கொண்டாள். சட்டி சுத்தமாயிற்று.

சென்னியப்பனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். வேலியோரத்தில் நடந்த பேச்சுக்கு இதைவிட நல்ல சமாதானம் அவருக்கு வேறென்ன வேண்டும்? "பாத்தீங்களா! தின்னு பாத்தாத்தான தெரியும்? போட்டோவாம், வெளக்காம்!" என்று சிரித்தார்.

மாராத்தாளும் சிரித்தாள். காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "என்ற ராசாத்திக்கு ஒரு பருக்கை வெக்காமத் தின்னுபோட்டீங்களே சம்பந்தி! பரவால்ல, கீரைக்கென்ன பஞ்சம்? அரை நாழியில கடைஞ்சறலாம்" என்று அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, அம்மாளும் ஊருக்குக் கொண்டுபோகட்டும். எச்சாவே பறிச்சுட்டு வா" என்று அங்கிருந்தே மருமகளுக்குச் சொன்னாள்.

கலாமணி அம்மாவைப் பார்க்கவில்லை. கதவோரத்தில் இருந்த கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பொடக்காளிக்கு இறங்கினாள்.